ஃப்ளைஸ்கை ஐ6 போதவில்லை என்றால் அடுத்த ரிமோட் எது?

ஐ6 ரிமோட்டோடு ஆர்சி, அதாவது ரிமோட்டில் ஓடும் விமானமும் படகும், பழகியவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் அடுத்து எதை வாங்குவது என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்டால் ஆளுக்கொரு பெயர் வரும். ஒருவர் பொக்ஸர் என்பார், இன்னொருவர் டிஎக்ஸ்16எஸ்ஸை விட்டால் வேறு இல்லை என்பார், மூன்றாமவர் ஈஎல்ஆர்எஸ் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். பெயர்களுக்குள் போக முதல் வீட்டில் கிடக்கும் விமானம், படகு, பாதி உடைந்தது எல்லாவற்றையும் எடுத்து வைத்து, ரிமோட்டின் சமிக்ஞையை மொடலுக்குள் இருந்து வாங்கும் ரிசீவர் எத்தனை இருக்கிறது, என்ன வகை என்று எண்ணுங்கள். முடிவில் பாதி அந்த எண்ணிக்கையிலேயே வந்துவிடும்.

ஏனென்றால் ரிமோட் ஒரு தடவைச் செலவு, ரிசீவர் மொடலுக்கு மொடல் செலவு. ஃப்ளைஸ்கையின் ஐஏ6பி ரிசீவர் 15 டொலருக்குள் வரும். நான்கு மொடல் வைத்திருக்கும் ஒருவர் முழுக்க வேறு முறைக்கு மாறினால், நான்கு புது ரிசீவருக்கான காசு ஒரு சின்ன ரிமோட்டின் விலையைத் தொட்டுவிடும், அதோடு ஒவ்வொரு மொடலையும் பிரித்து வயர் மாற்றி, சுக்கான் போன்றவற்றை அசைக்கும் சேர்வோக்களை மறுபடி நடுவில் நிறுத்தும் வேலை வேறு. அதை யாரும் விலைப்பட்டியலில் போடுவதில்லை.

முதல் தெரிவு, மாற்றாமல் இருப்பது. இதையும் ஒரு தெரிவாகவே எடுத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துப் பக்கம் வாவியில் ஒரு படகு, அறுவடை முடிந்த வட்டையில் ஒரு ஃபோம் பயிற்சி விமானம், இவ்வளவுதான் உங்கள் உலகம் என்றால் ஐ6 இன்னும் பல வருடம் ஓடும். 20 மொடல் வரை ஞாபகம் வைக்கும், நாலு ஏஏ பற்றரியில் வேலை செய்யும், அந்தப் பற்றரி ஏறாவூரிலும் கிடைக்கும் அக்கரைப்பற்றிலும் கிடைக்கும். சனல், அதாவது தனித்தனியாக இயக்கக்கூடிய அசைவுகளின் எண்ணிக்கை, மட்டும்தான் போதவில்லை என்றால் ஆர்வலர்கள் எழுதிய 10 சனல் ஃபேர்ம்வெயார் (ரிமோட்டுக்குள் ஓடும் மென்பொருள்) இருக்கிறது. பின்னால் உள்ள ட்ரெய்னர் சொக்கட் வழியாக, ஒரு யூஎஸ்பி சீரியல் அடாப்டரை வைத்து ஏற்றலாம், தொலைபேசி திருத்தும் பொடியன்களில் சோல்டர் நன்றாகத் தெரிந்த ஒருவர் வயரை ஒட்டித் தந்துவிடுவார். ஆனால் ஐஏ6பியில் சேர்வோ பின் ஆறுதான், மேலதிக சனல்கள் ஐபஸ் என்ற ஒரே வயர் வழியாகத்தான் வரும். பத்துக்கும் தனித்தனிப் பின் வேண்டும் என்றால் ஐஏ10பி வாங்க வேண்டும். அதற்கும் காசு போகிறது என்றால் ஃபேர்ம்வெயார் இலவசம் என்பதில் என்ன இருக்கிறது?

ஐ6இல் உண்மையில் இடிப்பது சனல் இல்லை. ஓர் அசைவோடு இன்னொன்றைத் தானாகச் சேர்க்கும் மிக்ஸ் மூன்றுதான் போடலாம். ஃப்ளாப் இறக்கும்போது எலிவேட்டர் தானாகக் கொஞ்சம் கீழே போக வேண்டும், இரண்டு மோட்டர் படகில் சுக்கானோடு சேர்ந்து ஒரு மோட்டர் குறைய வேண்டும், ஒரு சுவிட்சைப் போட்டால்தான் த்ரொட்டில் எழும்ப வேண்டும், இப்படி ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினால் மூன்றும் முடிந்துவிடும். அப்புறம் ஸ்டிக். ஐ6இன் ஸ்டிக்குக்குள் இருப்பது உரசி வேலை செய்யும் பொட்டென்ஷியோமீட்டர். நம்முடைய உப்புக் காற்றுக்கும் கடற்கரை மணலுக்கும் அது நீண்ட நாள் தாங்காது. ஸ்டிக்கைத் தொடாமலே சேர்வோ நடுங்கத் தொடங்கினால் அந்த உரசும் தடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். காந்தத்தை வைத்து அளக்கும் ஹால் ஸ்டிக்கில் உரச ஒன்றும் இல்லை, அதனால் அந்த வியாதியும் இல்லை. கரையோரத்தில் இருப்பவருக்கு ரிமோட் மாற்ற இது ஒன்றே நல்ல காரணம் என்பேன்.

ஐ6எக்ஸுக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம். பெட்டியிலிருந்தே 10 சனல் வரும், அதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் மாறாது. ஐ6 உடைந்துபோய் அதே போல ஒன்று வேண்டும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

சரி, மாறுவது என்று முடிவெடுத்தாயிற்று என்றால் முன்னால் இரண்டு பாதை. ஒன்று, ரிமோட்டை மாற்றி ரிசீவர்களை வைத்துக்கொள்வது. மற்றது, இரண்டையும் மாற்றுவது.

முதல் பாதைக்குப் பெயர் ஃபோர்-இன்-வன். இந்த மொடியூலுக்குள் நான்கு ரேடியோ சிப் இருக்கிறது. ஏ7105 ஃப்ளைஸ்கை ரிசீவர்களோடு கதைக்கும், சிசி2500 ஃப்ரஸ்கையின் பழைய ரிசீவர்களோடும் ஃபுட்டாபாவின் எஸ்-எஃப்எச்எஸ்எஸ்ஸோடும், சிவைஆர்எஃப்6936 ஸ்பெக்ட்ரமின் டிஎஸ்எம்2, டிஎஸ்எம்எக்ஸோடும், என்ஆர்எஃப்24எல்01 கடையில் வாங்கும் விளையாட்டு ட்ரோன்கள் பலவற்றோடும். உங்கள் ஐஏ6, ஐஏ6பி எதையும் கழற்ற வேண்டாம், மறுபடி பைண்ட் பண்ணினால், அதாவது புது ரிமோட்டோடு சேர்த்து வைத்தால், போதும், ஐஏ6பியில் பற்றரி அளவு போன்ற தகவலைத் திருப்பி அனுப்பும் டெலிமெட்ரியும் வரும். கட்டாரிலிருந்து மச்சான் ஒருவர் பெட்டியோடு கொண்டு வந்த ஸ்பெக்ட்ரம் ரிசீவர் பொருத்திய விமானம் ஒன்று அலுமாரிக்கு மேல் கிடந்தால் அதுவும் இதோடு ஓடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கட்டாயம் கவனியுங்கள். விலை குறைந்த ரிமோட் சிலவற்றில் சிசி2500 பதிப்பு என்று எழுதியிருக்கும். அதைப் பல புரோட்டோகோல் ரிமோட் என்றே விற்பார்கள். அதில் சிப் ஒன்றுதான், ஃப்ளைஸ்கைக்கு வேண்டிய ஏ7105 இல்லை. ஃப்ளைஸ்கை ரிசீவரை நம்பி அதை வாங்கினால் பைண்ட் பண்ண ஒரு வழியும் கிடையாது. பெட்டியில் ஃபோர்-இன்-வன் என்றே எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது பாதை ஈஎல்ஆர்எஸ், முழுப் பெயர் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ். ஒரு கொம்பனியின் சொத்து இல்லை, திறந்த மூல மென்பொருள், யார் வேண்டுமானாலும் ரிசீவர் செய்து விற்கலாம். ரேடியோமாஸ்டர், பீட்டாஎஃப்பிவி, ஹெப்பிமொடல் என்று பலர் செய்கிறார்கள், விலை ஏறாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸில் செம்டெக்கின் எஸ்எக்ஸ்1280 சிப்பை வைத்து லோரா என்ற நீண்ட தூர முறையில் அனுப்புவதால் சத்தத்துக்குள் புதைந்துபோகும் சமிக்ஞையையும் ரிசீவர் பிடித்துவிடும். தூரம் கிலோமீற்றர் கணக்கில் போகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் வட்டையில் பறக்கும் ஃபோம் விமானம் அரைக் கிலோமீற்றர் தாண்டினாலே எந்தப் பக்கம் சரிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, பிறகு பத்துக் கிலோமீற்றர் தூரம் எதற்கு? தூரத்துக்காக ஈஎல்ஆர்எஸ் வாங்காதீர்கள். இடையில் ஒரு தென்னந்தோப்பு வந்தாலும், பக்கத்து வீடுகளின் வைஃபை இரைந்தாலும் இணைப்பு அறாமல் நிற்கும் அந்த மிச்சத் தெம்புக்காக வாங்குங்கள்.

900 மெகாஹெர்ட்ஸ் பதிப்பும் விற்கிறது. இலங்கையில் அதைத் தொட வேண்டாம், 900 பக்கத்தில் கைத்தொலைபேசி வலையமைப்புகள் ஓடுகின்றன. 2.4ஐ விட்டு வெளியே போக நமக்கு ஒரு தேவையும் இல்லை.

ஈஎல்ஆர்எஸ் பழக்கத்துக்கு வரக் கொஞ்சம் நாள் எடுக்கும். ரிமோட்டிலும் ரிசீவரிலும் ஒரே தலைமுறை ஃபேர்ம்வெயார் இருக்க வேண்டும், 2இல் இருக்கும் ரிசீவர் 3இல் இருக்கும் ரிமோட்டோடு சேராது. ஒரு பைண்டிங் சொற்றொடரை இரண்டிலும் எழுதிவிட்டால் பிறகு பைண்ட் பட்டன் தேவையில்லை, மின்சாரம் கொடுத்ததும் தானாகச் சேர்ந்துவிடும். ரிசீவரை ஒரு நிமிடம் போல விட்டால் அதுவே ஒரு வைஃபை எழுப்பும், தொலைபேசியால் அதற்குள் போய் எல்லாம் மாற்றலாம். கம்பியூட்டர் இல்லாதவருக்கு இது பெரிய உதவி.

விமானக்காரர்களும் படகுக்காரர்களும் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, ஈபி1 போன்ற மலிவான குட்டி ரிசீவர்களில் சேர்வோ பின்னே கிடையாது. அவை ட்ரோன்காரர்களின் ஃப்ளைட் கொன்ட்ரோலருக்குச் சீரியல் வயரில் கதைக்கச் செய்தவை. சேர்வோ செருக வேண்டும் என்றால் பிடபிள்யூஎம் என்று எழுதிய ரிசீவர் வேண்டும், ரேடியோமாஸ்டரின் ஈஆர் வரிசை அப்படிப்பட்டது. இரண்டாவது, ஐந்தாம் சனல். ஈஎல்ஆர்எஸ் வழமையான அமைப்பில் ஐந்தாம் சனலை மோட்டரை ஆயத்தப்படுத்தும் சுவிட்சாகவே நினைக்கும், ஓன் அல்லது ஓஃப், இடையில் ஒன்றும் இல்லை. ஃப்ளைஸ்கையில் பழகிய கையோடு ஃப்ளாப்பையோ இரண்டாவது எய்லரனையோ ஐந்தில் கொடுத்தால் அது இந்த முனைக்கும் அந்த முனைக்கும் துள்ளும், சேர்வோ பழுது என்று நினைத்து சேர்வோவை மாற்றுவீர்கள், அப்போதும் துள்ளும். ரிமோட்டில் அதை ஆறுக்கோ ஏழுக்கோ கொடுத்துவிட்டு, ரிசீவரின் வைஃபை பக்கத்தில் ஐந்தாம் பின்னுக்கு அந்தச் சனல் எண்ணைப் போட்டால் வேலை முடிந்தது.

ஃபெயில்சேஃப், அதாவது இணைப்பு அறுந்தால் மொடல் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு, எந்த முறையிலும் நீங்களே பார்த்துப் போட வேண்டியது. ஐ6இலும் மெனுவுக்குள் போய் அமைத்தால்தான் உண்டு. புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, த்ரொட்டிலைப் பாதிக்கு ஏற்றி, ரிமோட்டை அணையுங்கள். மோட்டர் நின்றால் சரி. நிற்காவிட்டால் அந்த மொடல் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

ஃபோர்-இன்-வன், ஈஎல்ஆர்எஸ் இரண்டு பாதையிலும் கைக்கு வரும் ரிமோட்டில் பெரும்பாலும் எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருள்தான் ஓடும், ஓப்பன்டிஎக்ஸிலிருந்து பிரிந்து வளர்ந்தது. ஐ6இல் மெனு நீங்கள் என்ன செய்யலாம் என்று சொல்லும், எட்ஜ்டிஎக்ஸில் என்ன வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். த்ரொட்டிலை வேறு சனலுக்கு மாற்றக் கூட மூன்று பக்கம் தாண்ட வேண்டியிருக்கும். ஆனால் பிடிபட்ட பிறகு திரும்பி வர மனம் வராது. எனக்கு இதில் அதிகம் பிடித்தது குரல். மெமரி கார்டில் இருக்கும் ஒலிகள் சாதாரண வேவ் கோப்புகள், உங்கள் மகளின் குரலில் "பற்றரி குறையுது, இறக்குங்க" என்று பதிந்து, பெயரைச் சின்னதாக வைத்து உள்ளே போட்டால், பற்றரி அந்த அளவுக்கு இறங்கும்போது ரிமோட் தமிழில் சொல்லும். வெயிலில் கண்ணை விமானத்திலிருந்து எடுக்க முடியாத நேரத்தில் எந்தத் திரையும் இதற்கு ஈடில்லை.

இனி எந்த ரிமோட் என்ற கேள்வி. ரேடியோமாஸ்டர் பொக்கட் 65 டொலர் அளவில் வந்தது, ஸ்டிக்கைக் கழற்றிப் பின்னால் செருகி வைக்கலாம், ஸ்கூல் பைக்குள் போகும், ஈஎல்ஆர்எஸ் அனுப்பும் சக்தி 250 மில்லிவாட். இவ்வளவு விலைக்கு ஹால் ஸ்டிக் கொடுப்பது நல்ல பேரம். ஆனால் உடம்பு சின்னது. விளையாட்டு கன்சோல் பழகிய பதினாறு வயதுக் கைக்கு அருமையாக இருக்கும், ரிமோட்டைக் கழுத்தில் மாட்டி ஸ்டிக்கை இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்கும் பழைய ஆட்களுக்குப் பொருந்தாது. இதன் மலிவுப் பதிப்புதான் சிசி2500 பொறி உள்ளது, மேலே சொன்னேன்.

ரேடியோமாஸ்டரின் டிஎக்ஸ்16எஸ்ஸில் 4.3 அங்குல வர்ணத் தொடுதிரை. மேசையில் வைத்து மொடல் அமைக்க இதைப் போல வசதி இல்லை. ஆனால் சம்மாந்துறை வட்டையில் நண்பகல் வெயிலுக்கு வர்ணத் திரை வெளிறிவிடும், வியர்த்த விரலுக்குத் தொடுதிரை முரண்டு பிடிக்கும், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதி வேறு. 200 டொலருக்குக் கிட்ட கொடுத்து நிழல் தேடி அலைய வேண்டுமா என்று யோசியுங்கள். கிளைடரும் ஜெட்டும் ஹெலியும் என்று பத்துப் பதினைந்து மொடல் வைத்திருப்பவர் வாங்கட்டும்.

என் வாக்கு ரேடியோமாஸ்டரின் பொக்ஸருக்கு. 140 டொலர் அளவில், கறுப்பு வெள்ளைத் திரை, வெயிலில் நன்றாகத் தெரியும், நல்ல ஹால் ஸ்டிக், முழு அளவு கைப்பிடி, ஈஎல்ஆர்எஸ் ஒரு வாட் வரை. எல்லாவற்றையும் விட, பின்னால் முழு அளவு மொடியூல் குழி இருக்கிறது. உள்ளே ஈஎல்ஆர்எஸ் உள்ள பொக்ஸரை வாங்கி, பின்னால் தனி ஃபோர்-இன்-வன் மொடியூல் ஒன்றைச் செருகினால் பழைய ஃப்ளைஸ்கை மொடல்கள் அப்படியே ஓடும், புதிதாகக் கட்டுவதற்கு மட்டும் ஈஎல்ஆர்எஸ் ரிசீவர் போடலாம். இரண்டு பாதையில் ஒன்றைத் தெரிய வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. மொடியூலுக்கு மேலே 40 டொலர் போல ஆகும்தான். ஒரே மாதத்தில் எல்லா ரிசீவரையும் மாற்றுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படகு மட்டும் ஓட்டுபவர்களுக்கு இந்த வாக்கு செல்லாது. முன்னும் பின்னும் ஓடும் படகுக்கு த்ரொட்டில் நடுவுக்குத் தானாகத் திரும்ப வேண்டும், ஐ6இல் அது கிளிக் கிளிக் என்று நின்ற இடத்தில் நிற்கும். துப்பாக்கிப் பிடி ரிமோட்தான் சரி. ரேடியோமாஸ்டர் எம்டி12 அதே எட்ஜ்டிஎக்ஸோடு வருகிறது, ஈஎல்ஆர்எஸ், ஃபோர்-இன்-வன் இரண்டு பதிப்பும் உண்டு. எதை வாங்கினாலும் படகுக்குள் ரிசீவரின் அன்ரெனாவை மேல்தளத்துக்கு மேலே நேராக நிறுத்துங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் தண்ணீருக்குள் போகாது, வாவியின் உவர் தண்ணீரில் சொல்லவே வேண்டாம், நீர்மட்டத்துக்கு ஒட்டிக் கிடக்கும் அன்ரெனா பாதி ஊமைதான்.

ஸ்பெக்ட்ரம், ஃபுட்டாபா நல்ல சாமான்கள், குறை சொல்ல முடியாது. ரிசீவர் விலையைப் பார்த்தால் மட்டும் நெஞ்சு இடிக்கும். கூடப் பறப்பவர் எல்லோரும் அதையே வைத்திருக்கும் ஊரில் அதற்கு அர்த்தம் உண்டு, இங்கே அப்படி இல்லை.

வாங்கும் வழி. தபாலில் எடுத்தால் ரேடியோ அனுப்பும் கருவி என்பதால் சுங்கத்தில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி கேட்கலாம், அதற்கான அலைச்சல் கொழும்பில், நமக்கு ஒரு இரவு பஸ். வளைகுடாவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லி விடுவதென்றால் உதிரி லித்தியம் பற்றரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பொக்கட், பொக்ஸர் இரண்டும் பெரும்பாலும் பற்றரி இல்லாமலே வரும், இரண்டு 18650 செல் வேண்டும். 9900 என்று அச்சடித்த செல்லைக் கண்டால் தொடாதீர்கள், உண்மையான 18650 நல்லதே பெரும்பாலும் 3500 மில்லிஅம்பியர் மணி அளவில்தான் நிற்கும், 9900 என்பது வெறும் மை.

பறப்பவர்களுக்கு இன்னொன்று. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எவ்வளவு இறுகின என்பது எல்லோருக்கும் தெரியும். மட்டக்களப்பில் விமான நிலையம் வாவிக்கு அந்தப் பக்கமே இருக்கிறது, அம்பாறைப் பக்கத்திலும் ஓடுபாதை உண்டு. ஒரு வாட் ரிமோட் கையில் இருக்கிறது என்பதற்காக அந்தத் திசைக்கு விடலாம் என்று ஆகாது.

ஆக முன்னால் மட்டும் ஓடும் ஒரு படகு அல்லது ஒரு பயிற்சி விமானம் மட்டும் என்றால் ஐ6ஐ வைத்திருங்கள். ரிசீவர் ஒன்றோ இரண்டோதான், வயது குறைவு, காசும் குறைவு என்றால் ஈஎல்ஆர்எஸ் பொக்கட்டை எடுத்து ரிசீவரையும் மாற்றிவிடுங்கள். மூன்றுக்கு மேல் ஃப்ளைஸ்கை ரிசீவர் இருந்தால் பொக்ஸரும் பின்னால் ஃபோர்-இன்-வன்னும். பழைய ஐ6ஐ அவசரப்பட்டு விற்காதீர்கள், கிடைக்கும் விலை பெரிதாக இருக்காது. அதன் ட்ரெய்னர் சொக்கட்டிலிருந்து பொக்ஸருக்கு ஒரு வயர் போட்டால் தம்பிக்குப் பழக்கலாம், அவன் தடுமாறும்போது சுவிட்சை விட்டுக் கட்டுப்பாட்டை உங்கள் கைக்கு எடுக்கலாம். கார்த்திகை, மார்கழி மழைக்கு வட்டையில் கால் வைக்க முடியாத நாட்களில் பொக்ஸரை யூஎஸ்பியில் செருகினால் கம்பியூட்டருக்கு அது ஒரு ஜோய்ஸ்டிக், சிமுலேட்டரில் பழகலாம். வாங்கும்போது மோட் 2 என்று சொல்லி வாங்குங்கள், ஐ6இல் த்ரொட்டில் இடது கையில் பழகியவர்களுக்கு அதுதான்.